தார்ச் சாலைக்கு ஒரு வெப்பமானி

கேமரன் மலைக்கு வந்து போகிறவர்களுக்குத் தெரியும்: எந்த மாதம் வந்தாலும் ஏதாவது ஒரு வளைவில் சாலை வேலை நடந்துகொண்டிருக்கும். மழை அதிகம், மண் சரியும், காய்கறி லாரிகளுக்கும் சுற்றுலாப் பேருந்துகளுக்கும் ஓய்வில்லை. ரிங்லெட்டில் போட்ட ஒட்டு ஆறுவதற்குள் பிரிஞ்சாங்கில் பள்ளம் விழும். ஆரஞ்சுக் கூம்புகளை நெருங்கியதும் நாம் செய்கிற முதல் வேலை கார்க் கண்ணாடியை ஏற்றுவதுதான். இரண்டு நிமிடத்தில் வாசனை போய்விடும், நாமும் மறந்துவிடுவோம். மண்வெட்டியும் வாரியும் பிடித்து அந்தப் புகையின் நடுவே நாள் முழுக்க நிற்பவர்களுக்கு ஏற்றிக்கொள்ளக் கண்ணாடி இல்லை.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாலை போடும் குத்தகை ஒவ்வொன்றிலும் தார்க்கலவையின் வெப்பநிலைக்கு மேல்வரம்பு ஒன்று எழுதப்பட வேண்டும். லாரி வந்து நிற்கும் இடத்திலேயே அதை அளந்து பதிய வேண்டும். முகக்கவசம், கையுறை, விழிப்புணர்வுப் பதாகை எல்லாம் அதற்குப் பிறகுதான். ஏன் வெப்பநிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் வேதியியல் தேவைப்படுகிறது.

முதலில் 'தார்' என்ற சொல்லைப் பார்ப்போம். தமிழில் நாம் இரண்டு வேறு பொருள்களை ஒரே பெயரால் அழைக்கிறோம். ஒன்று நிலக்கரித் தார். நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டு, கோக் தயாரிக்கும்போது கிடைக்கும் கரிய குழம்பு அது. மற்றது பிட்டுமன். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்துப் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் பிரித்தெடுத்த பின் கோபுரத்தின் அடியில் தங்கும் கசடு. ஐந்தாம் படிவ வேதியியலில் பின்னக் காய்ச்சி வடித்தல் படத்தின் கடைசி வரியில் இது வரும். 'சாலை அமைக்கப் பயன்படும்' என்பதோடு பாடம் முடிந்துவிடும். தேர்வுக்கு அது போதும். பாட்டில் சோதனைக்குழாயைத் தாண்டிப் பார்த்தால், அந்தக் கடைசி வரியில்தான் பல குடும்பங்களின் சம்பளம் இருக்கிறது.

பெயர்க் குழப்பத்தால் நேரும் நட்டம் சிறியதல்ல. நிலக்கரித் தாரின் குற்றப்பத்திரிகை மிக நீளமானது. 1775-ல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் சிறுவர்கள் வளர்ந்த பிறகு அவர்களின் விதைப்பைத் தோலில் வரும் புற்றுக்குக் கரிப்படிவே காரணம் என்று எழுதினார். ஒரு தொழிலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவம் தெளிவாகக் காட்டிய முதல் சம்பவங்களில் அது ஒன்று. 1915-ல் ஜப்பானில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயல் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்கில் தடவித் தடவிப் புற்றுக்கட்டியை உருவாக்கிக் காட்டினார்கள். 1933-ல் லண்டன் ஆய்வாளர்கள் இரண்டு டன் தார்ப்பிசினைப் பிரித்துப் பிரித்துக் கடைசியில் பென்சோபைரீன் என்ற சேர்மத்தைப் பிடித்தார்கள். பல பென்சீன் வளையங்கள் ஒட்டிக்கொண்ட ஹைட்ரோகார்பன் குடும்பம் அது. இன்று நிலக்கரித் தார்ப்பிசின் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என ஐயமின்றி வகைப்படுத்தப்பட்டுள்ளது.

நம் சாலையில் போடுவது இதுவல்ல, பிட்டுமன். அதிலும் அதே குடும்பச் சேர்மங்கள் உண்டு. ஆனால் பென்சோபைரீன் போன்றவை ஆயிரம் மடங்கு என்ற அளவில் குறைவு. ஆகவே 'தார் என்றால் புற்றுநோய்' என்று ஒரே வரியில் பயமுறுத்துவது சரியல்ல. 'இது வெறும் பிட்டுமன், ஒன்றும் செய்யாது' என்று குத்தகையாளர் கையை உதறுவதும் சரியல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2011-ல் லியோன் நகரில் நிபுணர்களைக் கூட்டி இதையே ஆராய்ந்தது. தொகுப்பு 2013-ல் வந்தது. கூரைக்குப் பூசும் ஆக்சிஜனேற்றப்பட்ட பிட்டுமன் புகையில் வேலை செய்வது 2ஏ பிரிவு, அதாவது பெரும்பாலும் புற்றுநோய் தரக்கூடியது. சாலை போடும்போது எழும் பிட்டுமன் புகை 2பி பிரிவு, புற்றுநோய் தரும் சாத்தியம் உள்ளது.

இந்த எண்ணையும் எழுத்தையும் பலர் தவறாகப் படிக்கிறார்கள். அவை ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை, ஆதாரத்தின் பலத்தைச் சொல்கின்றன. ஆசிய மரபு ஊறுகாய்க் காய்கறிகளும் இதே 2பி பட்டியலில் இருக்கின்றன. (என் வகுப்பில் இதைச் சொன்னால் ஒரு வாரத்துக்கு ஊறுகாய் பற்றித்தான் பேச்சு.)

ஐரோப்பாவின் ஏழு நாடுகளிலும் இஸ்ரேலிலும் ஏறக்குறைய 80,000 சாலை, தார்த் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. பிட்டுமன் தொழிலாளர்களிடையே நுரையீரல் புற்று மரணம் சற்றே கூடுதலாகத் தெரிந்தது. பிறகு அவர்களுள் நோயுற்றவர்களின் புகைப்பழக்கத்தையும் பழைய நிலக்கரித் தார் வேலையையும் தனித்தனியே விசாரித்து 2010-ல் வெளியிட்டார்கள். பிட்டுமன் புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் சீரான தொடர்பு கிடைக்கவில்லை. சிகரெட்டும் பழைய நிலக்கரித் தாரும் பெரும்பகுதிக் காரணமாக இருக்கலாம் என்றார்கள். இதை மறைத்துவிட்டு என் வாதத்தை வைப்பது நேர்மையாகாது.

ஆனால் புற்றுநோய் மட்டுமா நோய்? கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, இருமல், தலைவலி, குமட்டல், தோல் அரிப்பு ஆகியவை பற்றி எந்த ஆய்வுக் கூட்டத்திலும் தகராறு இல்லை. ஐரோப்பிய ஆய்வில் வேலை செய்தவர்களுக்குக் கண்காணிப்பும் இயந்திரங்களும் இருந்தன. நம் தோட்டச் சாலையில் குனிந்து நின்று வாரியால் இழுப்பவரின் மூக்குக்கும் கலவைக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இருக்காது.

இப்போது வெப்பநிலைக்கு வருவோம். குளிர்ந்த பிட்டுமன் கல் போலக் கிடக்கும், ஒன்றும் செய்யாது. சூடேறினால் அதில் உள்ள லேசான மூலக்கூறுகள் ஆவியாகி மேலெழுந்து, குளிர்ந்த காற்றில் பட்டு மிக நுண்ணிய துளிகளாக மாறுகின்றன. நாம் காணும் புகை அதுதான். எரிந்து வரும் புகை அல்ல, தண்ணீர்க் கொதிகலனின் ஆவியைப் போல ஆவியாகி உறைவது. ஆவியாதல் வெப்பத்தோடு நேர்கோட்டில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். ஏறக்குறைய 11, 12 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் பிட்டுமன் புகை இரட்டிக்கும் என்பது இத்துறையில் சொல்லப்படும் தோராயக் கணக்கு. அப்படியானால் 145 டிகிரியில் வேலை முடிய வேண்டிய கலவையை 180-க்குச் சூடாக்கினால் மூன்று முறை இரட்டிக்கிறது. இரண்டு, நான்கு, எட்டு. 35 டிகிரி சோம்பேறித்தனத்துக்கு எட்டு மடங்கு புகை.

மலையில் இந்தச் சோம்பேறித்தனத்துக்கு ஒரு காரணமும் கிடைத்துவிடுகிறது. பிரிமிக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் தார்க்கலவை தொலைவிலுள்ள ஆலையில் தயாராகி, வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையில் லாரியில் வரும். மேலே காலைக் காற்று 15, 16 டிகிரியில் இருக்கும். கலவை ஆறிவிட்டால் ரோலர் அழுத்தினாலும் இறுகாது. எனவே கீழேயே நாலு டிகிரி, பத்து டிகிரி கூடுதலாகச் சூடேற்றி அனுப்பும் ஆசை எந்த மேற்பார்வையாளருக்கும் வரும். லாரிக்குத் தடித்த தார்ப்பாய் போர்த்துவதும், பெட்டியின் பக்கங்களுக்கு வெப்பக்காப்பு கொடுப்பதும் அதே பயனைத் தரும். ஆனால் அதற்குக் காசு வேண்டும், பர்னரைத் திருகுவதற்குக் கை மட்டும் போதும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதிகச் சூடு சாலைக்கும் கெடுதல். பிட்டுமன் மிகையாகச் சூடேறினால் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்பட்டு நொறுங்கும் தன்மை பெறுகிறது. அந்தச் சாலை சீக்கிரம் வெடிக்கும். வெடிப்பில் மழைநீர் இறங்கும், பள்ளம் விழும். மறுபடி ஒட்டு, மறுபடி புகை. தொழிலாளியின் நுரையீரலும் பொதுப்பணித் துறையின் பட்ஜெட்டும் ஒரே பக்கம் நிற்கும் விவகாரம் இது. இப்படிப்பட்ட விவகாரங்கள் அபூர்வம். இதைக்கூட நாம் பயன்படுத்திக்கொள்ளாவிட்டால் எப்படி?

மலையின் இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். இரவில் சரிவுகளில் குளிர்ந்த காற்று நீர் போல வழிந்து பள்ளத்தாக்கில் தேங்கும். மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். காலையில் தேயிலைச் சரிவுகளுக்கிடையே பனிமூட்டம் அசையாமல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே மூடிதான் காரணம். அந்நேரத்தில் எழும் எந்தப் புகையும் மேலே போகாது. சுற்றுலா நெரிசலைத் தவிர்க்க இரவிலும் விடியற்காலையிலும் சாலை வேலை வைப்பது போக்குவரத்துக்கு நல்லது, மூச்சுக்கு நல்லதல்ல. சாலையை ஒட்டியே லயங்கள் உள்ள தோட்டங்களில் இது வேலைக்காரர்களோடு நிற்பதுமில்லை.

தேயிலைத் தொழிற்சாலையில் ஓர் ஒழுங்கு உண்டு. தேயிலை பக்கத்திலுள்ள வாசனையை இழுத்துக்கொள்ளும் என்பதால் மண்ணெண்ணெய், சோப்பு, மசாலா எதையும் சரக்கு அருகில் வைக்க மாட்டார்கள். பிரிமிக்ஸ் லாரியைத் தேயிலை கிடங்கின் வாசலில் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். நிர்வாகி ஓடி வருவார். இலைக்குக் கிடைக்கிற இந்தக் கவனத்தில் பாதி ஆளுக்குக் கிடைத்தால்கூட நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

வழி ஏற்கெனவே இருக்கிறது. வெதுவெதுப்புக் கலவை என்ற முறையில் மெழுகு அல்லது சியோலைட் போன்ற சேர்க்கைப் பொருளையோ, அளந்து செலுத்தும் சிறிது நீரையோ கொண்டு பிட்டுமனை இளக வைக்கிறார்கள். வழக்கத்தைவிட 20 முதல் 40 டிகிரி குறைவான சூட்டிலேயே அது கல்லைப் பூசிக்கொள்ளும். எரிபொருளும் மிச்சம். ஆறிக்கொண்டே மலையேறும் லாரிக்கும் இது வசதி, ஏனெனில் குறைந்த சூட்டிலும் கலவை இறுகும். ஜெர்மனி 2019-ல் பிட்டுமன் ஆவிக்கும் துளிக்கும் சேர்த்துக் கன மீட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று வரம்பு அறிவித்து, சாலைத் துறை மாறிக்கொள்ள அவகாசமும் கொடுத்தது. அதன்பின் அங்கே வெப்பம் குறைந்த கலவைதான் பேச்சு. அமெரிக்காவில் அதற்கு முன்பே, 1997 ஜூலைக்குப் பின் தயாராகும் பெரிய சாலைவிரிப்பு இயந்திரங்களில் புகையை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் பொருத்துவதென்று அரசு ஆய்வு நிறுவனமும் தயாரிப்பாளர்களும் தார்ச் சாலைச் சங்கமும் சேர்ந்து முடிவெடுத்தனர். ஆனால் தோட்டத்துக் குறுகிய சாலைகளில் பெரிய இயந்திரமே நுழையாது. கைவேலைதான். கைவேலைக்கு உறிஞ்சு குழாய் கிடையாது, சூட்டைக் குறைப்பது ஒன்றே வழி.

சூட்டைப் பற்றிப் பேசும்போது இரண்டு தமிழ் உதாரணங்கள் நினைவுக்கு வருகின்றன. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைத் துண்டாக்கிச் சூடான கல்மீது பூசி, அதன்பின் பிட்டுமன் சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த முறையின் உயிர் வெப்பக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. ஏறக்குறைய 170 டிகிரிக்குள் பாலித்தீன் உருகுமே தவிரச் சிதையாது. பி.வி.சி. கலந்துவிட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வரும் என்பதால் அதை ஒதுக்குகிறார்கள். ஆய்வகத்தில் இது ஒழுங்காக நடக்கும். சாலையோரம் விறகு மூட்டித் தார் டிரம்மைக் காய்ச்சுகிற இடத்தில் 170 என்ன, 250 என்ன? யார் பார்த்தார்கள்?

இங்கே மலேசியாவில் பால்மரத் தோட்டத்துக் கட்டிப்பாலைப் பிட்டுமனில் கலந்து சாலை போடுகிறார்கள். ரப்பர் விலைக்குத் தாங்கலாக இருக்கும் என்பது நோக்கம். சாலை உழைக்கும், சிறுதோட்டக்காரருக்கும் நல்லது, வரவேற்கிறேன். ஆனால் ரப்பர் சேர்ந்தால் பிட்டுமன் கெட்டியாகும். கெட்டியானதை இளக்கப் பொதுவாகக் கூடுதல் சூடு கேட்கும். மரம் வெட்டும் தொழிலாளிக்கு உதவப்போய், தார் போடும் தொழிலாளியின் மீது புகையை ஏற்றிவிடக் கூடாது. வெதுவெதுப்புச் சேர்க்கைப் பொருளை இதோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1994 தொழிலிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டமும், உடல்நலத்துக்கு ஊறான வேதிப்பொருள்கள் பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிகளும் முதலாளி ஆபத்தை மதிப்பிட வேண்டும், தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கின்றன. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து இருந்தால் வேலையிடத்தை விட்டு விலகும் உரிமையையும் தொழிலாளிக்குத் தருகிறது. வேதிப்பொருளின் பாதுகாப்புத் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். ஆனால் மண்வெட்டி பிடித்து நிற்பவர் யார்? ஒரு காலத்தில் மலாயாவின் பொதுப்பணித் துறைச் சாலைகளில் வியர்வை சிந்தியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். இன்று பங்களாதேஷ், இந்தோனேசியா, நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள், அவர்களோடு தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் இளைஞர்கள் சிலர். வங்காளி மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு ஆங்கிலத் தாள் வெறும் தாள். படங்களோடு ஒரு பக்கம், அவரவர் மொழியில், வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம். இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வருகிறார்கள் என்பதையும் அந்தப் பத்து நிமிடத்தில் சொல்லலாம்.

அந்தப் பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒன்று டீசல். மண்வெட்டியில் ஒட்டிய தாரை டீசலால் துடைப்பார்கள், அதே டீசலில் கையையும் கழுவுவார்கள். தார் போய்விடும், உண்மைதான். ஆனால் டீசல் தோலின் எண்ணெய்ப் பூச்சைக் கரைத்து, அந்த வளைய ஹைட்ரோகார்பன்கள் உள்ளே போக வாசல் திறந்துவிடுகிறது. இந்தத் தொழிலாளர்களின் சிறுநீரில் பைரீனின் சிதைவுப் பொருளை அளக்கிறார்கள். மூச்சு வழி மட்டுமல்ல, தோல் வழியும் உடலுக்குள் போகிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சோப்பும் தண்ணீரும் போதும். சாலையோரம் ஒரு தண்ணீர்த் தொட்டி வைக்க எந்த டெண்டரும் திவாலாகாது.

சூடான தார் தோலில் பட்டால் பிய்த்து எடுக்கவே கூடாது. தோலும் சேர்ந்து வரும். குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டி, ஒட்டியதை ஒட்டியபடியே விட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அதேபோலச் சூடான தார்த் தொட்டிக்குள் தண்ணீர் விழக் கூடாது. தண்ணீர் நீராவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும், தார் நுரைத்துப் பொங்கி வெளியே வரும். மழை சொல்லாமல் வரும் ஊரில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. தொட்டியின் மூடியைத் திறந்து தலையை நீட்டி எட்டிப்பார்ப்பதும் வேண்டாம். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்திருக்கலாம். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அப்போதுதான் ஆபத்து.

மருந்துக்கடை முகக்கவசம் துளிகளில் சிலவற்றைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரித்தூள் அடைத்த வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். எட்டு மணி நேரம் அதை மாட்டிக்கொண்டு மண்வெட்டி வீசச் சொல்லும் மேலாளர், முதலில் ஒரு மணி நேரம் தானே வீசிப் பார்க்கட்டும்.

வெப்பமானி விலை பற்றிக் கேட்கிறீர்களா? கோவிட் காலத்தில் கடைவாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அதே அகச்சிவப்பு முறைதான். அந்த நெற்றிக் கருவி மனித உடல் சூட்டுக்கு மட்டுமே சரிப்படும். தாருக்குத் தொழிற்சாலை வகை வேண்டும், அதுவும் விலை அதிகமில்லை. ஆனால் அது மேற்பரப்பை மட்டும் காட்டும். மலைக்காற்றில் கலவையின் மேல்தோல் ஆறியிருக்கும், உள்ளே கொதிக்கும். எனவே குத்திப் பார்க்கும் ஊசி வகையும் ஒன்று தேவை. ஆலையில் ஒரு முறை, வேலையிடத்தில் ஒரு முறை. இரண்டு எண்களையும் லாரிச் சீட்டிலேயே எழுதலாம்.

இதைக் கேட்க வேண்டிய இடங்கள் பொதுப்பணித் துறை, மாவட்ட மன்றம், தோட்டச் சாலை என்றால் தோட்ட நிர்வாகம். நீங்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. பிரிமிக்ஸ் லாரியிலிருந்து வெண்மையாக எழுந்து உடனே மறைவது பெரும்பாலும் நீராவி. நீலநிறமாகக் கலைந்து கலைந்து தொடர்ந்து எழுந்தால் கலவை மிகையாகச் சூடேறியிருக்கிறது என்பதற்கு அது பழைய அடையாளம். சாலைப் பொறியாளர்களே அதைக் கண்டால் லாரியைத் திருப்பி அனுப்ப யோசிப்பார்கள். நாள், நேரம், எந்த வளைவு என்று குறித்துக்கொண்டு பொதுப்பணித் துறைக்கும் தொழிலிடப் பாதுகாப்புத் துறையின் பகாங் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். 'புகை அடித்தது' என்று எழுத வேண்டாம், 'லாரிச் சீட்டில் வெப்பநிலை எத்தனை பதிந்திருக்கிறது?' என்று கேளுங்கள்.